‘சரண்டர்’ போதும், ஆள் போடுங்கள்

ரயில்வேயில் ‘சரண்டர்’ என்றொரு சொல் புழங்குகிறது. ஒருவர் ஓய்வு பெறுவார். மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பிவைப்பார்கள். பிறகு அந்தப் பணியிடத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லையே என்கிறது நிர்வாகம். அந்த வேலைக்காகப் படித்துக் காத்திருந்தவன் வீட்டிலேயேதானே இருக்கிறான்!

2020 ஜூலை 2 அன்று, கொரோனாவால் ரயில்கள் முடங்கிக் கிடந்தபோது, பாதுகாப்பு சாராத பிரிவுகளின் காலியிடங்களில் பாதியைச் சரண்டர் செய்ய ரயில்வே வாரியம் உத்தரவிட்டது. பாதுகாப்புப் பிரிவுக்கு விலக்காம். அங்கே சரண்டர் எதற்கு? நிரப்பாமல் விட்டாலே போதுமே. 2022 டிசம்பர் நிலவரப்படி காலியிடங்கள் 3.12 லட்சம் என்று நாடாளுமன்றத்திலேயே அரசு ஒப்புக்கொண்டது. 1990-91இல் பதினாறரை லட்சம் பேர் சுமந்த பாரம் இன்று சுமார் 12 லட்சம் பேர் தலையில்.

2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் வேலைக்கு 5,696 இடங்கள் என்று அறிவித்தார்கள். ஜூன் 17 அன்று காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. அடுத்த சில நாள்களில் அந்த எண்ணிக்கை 18,799 ஆனது. ஐந்தே மாதத்தில் மும்மடங்கா? பிணம் விழுந்தால்தான் கணக்குப் போட வருமா?

நம் ஊர்ப் பக்கம் வருவோம். நெடுநாள் கேட்டு, 2007 நவம்பர் 1 அன்று சேலம் ரயில்வே கோட்டத்தைப் பெற்றோம். 2013இல் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடியது. ராசிபுரம் தாண்டிச் சித்திரை வெயிலில் போய்ப் பாருங்கள். தோளில் பெரிய ஸ்பேனர், கையில் சுத்தியல், கக்கத்தில் சிவப்புக் கொடியோடு, தண்டவாளத்தைப் பார்வையிடும் கீமேன் ஒருவர் ஜல்லிமேல் நடந்துகொண்டிருப்பார். கழன்ற கிளிப்பை அடித்து இறுக்குவார். அதிர்வு தெரிந்ததும் ஓரம் ஒதுங்குவார். மோகனூரில் காவிரிப் பாலம் ஏறும் வண்டியில் நாம் தூங்குவது அந்த நடையை நம்பித்தான். பக்கத்து எல்லையில் ஆளில்லை என்றால் அதையும் சேர்த்து அவரே நடக்க வேண்டும் என்பது நிர்வாகமா, கொடுமையா?

சரண்டரை உடனே நிறுத்துங்கள். சேலம் கோட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை என்று பிரிவுவாரியாக வெளியிடுங்கள். டிராக்மேன், கேட்கீப்பர், லோகோ பைலட் இடங்களைக் கெடு வைத்து நிரப்புங்கள். விபத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சேலம், நாமக்கல் எம்.பி.க்கள் இருவரும் அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கணக்கை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கித் தொகுதி மக்களிடம் தர வேண்டும்.