சட்டைப்பைப் பூதங்களும் போர்த்தேங்காயும்

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், எமது அயலில் வசிக்கும் தாயார் ஒருவர் தம் பதினொரு வயது மைந்தனையும் அழைத்துக்கொண்டு எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வழக்கொன்று தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

"ஐயா, இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லவேணும். லண்டன் மாமா என்ன அனுப்ப எண்டு கேட்டதுக்கு, பிராணிகளைச் சண்டை பிடிக்கவிடுகிற விளையாட்டுப் பெட்டி வேணுமெண்டு சொல்லிப்போட்டான். நாங்கள் கண்ட சண்டைகள் போதாதோ?"

அத்தாயார், 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் வெள்ளத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த சிறுமிகளுள் ஒருவர். 'சண்டை' என்னும் சொல் அவர் செவியில் விளையாட்டாக ஒலியாமை வியப்பன்று. ஆயினும், ஒன்றை விலக்குமுன் அஃது யாதென அறிதல் முறையன்றோ? பையனை அருகில் அமர்த்தி, "தம்பி, உன் விளையாட்டை எனக்குப் படிப்பி, பார்ப்போம்" என்றோம். அவன் கூறியவற்றையும், பின்னர் யாம் தேடி அறிந்தவற்றையும் நேயர்களுக்குத் தொகுத்துரைக்கின்றோம்.

போக்கிமான் என்பது இவ்விளையாட்டின் பெயர். சட்டைப்பையில் அடங்கும் பூதங்கள் என்பது அதன் பொருள். இதனை ஆக்கியவர் 1965ஆம் ஆண்டிற் பிறந்த சத்தோஷி தஜிரி என்னும் யப்பானியர். தோக்கியோவின் புறநகராகிய மச்சிதாவில் வளர்ந்த அவர், இளமையிலே குளக்கரையிலும் மரச்செறிவிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். நகரம் பெருகியபோது அக்குளங்களும் மரங்களும் மறைந்தன. தாம் பெற்ற இன்பத்தைப் பின்வந்த பிள்ளைகள் இழந்தனரே என்ற ஏக்கமே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று. பொன்வண்டை நெருப்புப்பெட்டியிலிட்டு இலையூட்டி வளர்த்த நம்மவர்க்கு அவ்வேக்கத்தை விளக்கவும் வேண்டுமோ?

1996 பெப்ரவரி 27ஆம் நாள் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக அது வெளிவந்தது. ஒரு பதிப்பிலுள்ள பிராணிகள் சில மற்றதில் இல்லை. ஆகவே தனித்திருந்து ஆடுபவன் தொகுப்பை நிறைவுசெய்ய இயலாது. கேம் பாய் என்னும் கைப்பெட்டிகள் இரண்டைக் கம்பியால் இணைத்து, நண்பனோடு பண்டமாற்றுச் செய்தே தீரவேண்டும்.

அந்தப் பெப்ரவரியில் நம் பிள்ளைகள் எங்கிருந்தனர்? வலிகாமத்தவர் பெரும்பாலோர் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் இடம்பெயர்ந்திருந்தனர். குடாநாட்டில் 1990 தொடக்கம் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டு எரிந்த சிறு விளக்கொளியிற் படித்த காலம் அது. கேம் பாய் இயங்குவதற்கு வேண்டியவை நான்கு சிறு பற்றரிகள். அவையோ வடக்கிற்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கியிருந்தன. வானொலிச் செய்தி கேட்பதற்கே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிய மக்களுக்கு விளையாட்டுப் பெட்டி ஏது? ஆகவே இன்றைய தாய்தந்தையர்க்கு இவ்வுலகம் புதிதாயின், அஃது அவர்தம் குற்றமன்று.

இனி, பையன் கேட்ட விளையாட்டுக்கு வருவோம். போக்கிமான் சம்பியன்ஸ் என்பது அதன் பெயர். 2025 பெப்ரவரி 27ஆம் நாள் அதனை அறிவித்தவர்கள், 2026ஆம் ஆண்டில் வெளிவரும் எனப் பின்னர் தெரிவித்தனர். நிண்டெண்டோ சுவிட்ச் என்னும் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடுதற்கென அமைக்கப்பட்டது. முந்தைய விளையாட்டுகளிலே காடும் மலையும் சுற்றிப் பிராணிகளைத் தேடிப் பிடித்தலே பெரும்பகுதி. இதிலோ போட்டியொன்றே பொருள். பழைய விளையாட்டுகளில் வளர்த்தவற்றை, ஹோம் என்னும் சேமிப்பகத்தின் வாயிலாக இங்கே கொணரலாம்.

போட்டிகள் மூவகைப்படும். தரவரிசைப் போட்டியில் வெற்றி தோல்விக்கேற்ப ஆடுபவரின் நிலை ஏறும், இறங்கும். சாதாரணப் போட்டி தரம் பாராது பொழுதுபோக்காக ஆடுவது. தனிப் போட்டியோ தெரிந்தவர் இருவர் தமக்குள் ஆடுவது. உலகக் கிண்ணப் போட்டிகளிலே பயிலும் முறை இரட்டையாட்டம் எனப்படும். ஒவ்வொருவரும் ஆறு பிராணிகளோடு வருவர். எதிராளியின் ஆறினையும் பார்த்தபின், தம்முள் நான்கினைத் தெரிவர். களத்தில் ஒரே வேளையில் இருபுறமும் இவ்விரண்டு நிற்கும். இருவரும் தத்தம் கட்டளைகளை ஒருவர் அறியாமல் மற்றவர் இட்டபின்னரே ஆட்டம் நகரும்.

நீர் நெருப்பை வெல்லும். நெருப்பு புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். இவ்வாறு பதினெட்டு இனங்கள் உள. 1996இல் 151 ஆக இருந்த பிராணிகள் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டுவிட்டன. எல்லாவற்றையும் வெல்லும் இனம் ஒன்றேனும் இல்லை. ஆகவே மூர்க்கத்தால் வெல்லுதல் அரிது. எதிராளியின் உள்ளத்தை ஊகித்தலே வேண்டும். ஆடுபுலி ஆட்டத்திலும் சதுரங்கத்திலும் பழகிய பெரியோர்க்கு இஃது அந்நியமன்று.

இத்துணையும் பொறுமையோடு கேட்டிருந்த தாயார், மகனைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தோற்றதுகள் செத்துப்போகுமோ?"

"இல்லையம்மா. மயங்கித்தான் விழும். பிறகு சுகப்படுத்துகிற இடத்துக்குக் கொண்டுபோனால் எழும்பிவிடும்."

"காசு வாங்குவினமோ?"

"இல்லை. ஆர் கொண்டுபோனாலும் சும்மா பார்ப்பினம்."

தாயார் சற்று நேரம் வாளாவிருந்தார். அம்மௌனத்தில் என்னென்ன நினைவுகள் சென்றனவோ, யாம் வினவவில்லை.

பையன் உரைத்தது உண்மையே. இவ்விளையாட்டுகளிலே போட்டியில் தோற்கும் பிராணி மயங்குமேயன்றி மடிவதில்லை. போரும் விளையாட்டும் பிரியும் இடம் இதுவே. போரில் வீழ்ந்தவன் எழுவதில்லை. விளையாட்டிலோ வீழ்ந்தவன் எழுந்து, நாளை மறுபடியும் வருவான்.

நம் முன்னோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலே யாழ்ப்பாணத்து ஊர்களில் ஆடப்பட்ட போர்த்தேங்காய் அடித்தலை மூத்தோர் மறந்திரார். தடித்த ஓடுடைய காயைத் தேடித் தெரிவர். ஒருவர் தம் காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தம் காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பர். உடைந்தது தோற்றது. சிங்களக் கிராமங்களிலும், பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைந்து, பொர பொல் என்னும் பெயரில் இவ்வாட்டம் உண்டு. பெயரிலே போர் இருந்தும் உடைந்தது தேங்காய் மட்டுமே. அதுவும் சம்பலுக்கு உதவிற்று!

"சரி, ஏன் இதுவே வேணுமெண்டு நிற்கிறாய்?" என்று பையனைக் கேட்டோம். அவன் தலைகுனிந்து சொன்னான்: "லண்டன் மச்சானும் விளையாடுறவன். ரெலிபோனிலே கதைக்கேக்கை என்ன கதைக்கிறதெண்டு எங்கள் ரெண்டுபேருக்கும் தெரியிறதில்லை."

மாமன் நாட்டைவிட்டுச் சென்று ஆண்டுகள் பல. அவர் மைந்தனுக்குத் தமிழ் தடுமாறும். இவனுக்கு ஆங்கிலம் தடுமாறும். ஒரே ஆச்சியின் பேரர் இருவர், நேரிற் கண்டதுமில்லை. தனிப் போட்டி என்னும் அந்த மூன்றாம் வகையை எண்ணியே பையன் இத்தனை பிடிவாதமும் பிடித்தான் என்பது அப்பொழுதுதான் எமக்குப் புலனாயிற்று. தாயாருக்கும் புலனாயிற்று.

தீர்ப்பை அவரே வழங்கினார். பாடம் முடிந்த பின்னரே ஆட்டம். நாளுக்கு ஒரு மணித்தியாலம். முன்பின் அறியாதவரோடு பேச்சு இல்லை. யாம் ஒன்று சேர்த்துரைத்தோம்: தொடங்கும்போது இலவசமாகத் தோன்றும் விளையாட்டுகள் பல, இடையிலே பணம் கேட்பன. ஆகவே வங்கி அட்டையின் இலக்கம் பெட்டிக்குள் புகவே கூடாது.

பெற்றாருக்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. பிள்ளை கேட்கும் விளையாட்டைக் கண்டு அஞ்சுவீராயின், முதலில் அவனிடமே அதனைப் படியுங்கள். மாணாக்கர்களே, நீங்களும் அம்மா கேட்கும் கேள்விக்குச் சினவாமல் விடை சொல்லுங்கள். அவர் ஏன் கேட்கின்றார் என்பதையும் ஒருநாள் அமைதியாகக் கேட்டறியுங்கள்.

விடைபெற்றுச் செல்கையில், படலையடியிலே அத்தாயார் மகனிடம் கேட்டது எம் செவியில் விழுந்தது:

"முதல் ஆட்டத்துக்கு என்னையும் பக்கத்திலே இருக்க விடுவியோ?"