காயும் போச்சு, நேரமும் போச்சு: செந்தோசாவில் குகேஷ் பெற்ற முதல் வெற்றி சொல்லும் பாடம்

லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கலாம். அதற்கு அப்பால் செந்தோசா. 2024ஆம் ஆண்டு உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி நடந்தது அங்கேதான்.

சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். எதிரே நடப்பு வெற்றியாளர், சீனாவின் டிங் லிரன். இரண்டாவது ஆட்டம் சமநிலை.

நவம்பர் 27ஆம் தேதி மூன்றாவது ஆட்டம். அதில் என்ன நடந்தது?

தொடக்கத்தை மாற்றினார்

முதல் ஆட்டத்தில் குகேஷ் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தினார். இம்முறை ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாய். பின்னால் ராணி துணை நிற்பதால் அந்தச் சிப்பாயை எளிதில் அசைக்க முடியாது.

முதல் 10 நகர்த்தல்களுக்குள் ராணிகள் இரண்டும் வெளியேறின. ராணி இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும்னு நினைப்பீர்கள். இங்கே நேர்மாறு. டிங்கின் மந்திரி வெள்ளைக் காய்களின் எல்லைக்குள் புகுந்தது. பிறகு திரும்பி வர வழியில்லாமல் சிக்கியது.

கடிகாரம் ஏன் முக்கியம்?

முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு 2 மணி நேரம். பல போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூடுதலாகக் கிடைக்கும். இங்கே 40 நகர்த்தல் முடியும்வரை அது கிடையாது.

குகேஷ் வீட்டுப்பாடம் செய்துவந்தவர்போல் மளமளவென்று நகர்த்தினார். டிங் நீண்ட நேரம் யோசித்தார். மந்திரி போனது. 37ஆவது நகர்த்தலில் நேரமும் தீர்ந்தது.

அந்த ஒரு புள்ளி

புள்ளிகள் 1.5-1.5 எனச் சமமாயின. டிசம்பர் 12ஆம் தேதி 14ஆவது ஆட்டம் முடிந்தபோது குகேஷ் 7.5, டிங் 6.5. இடைவெளி ஒரே ஒரு புள்ளி. 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனையை குகேஷ் முறியடித்தார்.

உங்கள் பிள்ளை போட்டிகளில் ஆடுகிறாரா? தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. உட்காரும் முன் கடிகார விதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். நல்ல நகர்த்தல் மனசில் இருந்தும் நேரம் இல்லையென்றால் புள்ளி எதிராளிக்குத்தான்.