தெரு பார்க்கைப் பராமரிக்க அரசு தரும் பணம் எதுக்குப் போதும்? ஒரு டெல்லி கணக்கு

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த வாட்ஸ்அப் மெசேஜ் புதுசா இருக்காது: 'பார்க்குக்கு மாலி வைக்கணும், வீட்டுக்கு இவ்வளவு தாங்க.' மாலி என்றால் தோட்டக்காரர். குடியிருப்போர் நலச் சங்கத்தின் (அங்கே எல்லாரும் ஆர்டபிள்யூஏ என்பார்கள்) குரூப்பில் இது வந்ததும், 'வரி கட்டுறோம்ல, அப்புறம் நாம எதுக்குத் தனியா கொடுக்கணும்?' என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

பார்க் யாருடைய பொறுப்பு?

1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 12-வது அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம், நகர்ப்புறத்தில் மரம் வளர்ப்பது எல்லாம் அதில் இருக்கு. ஆனால் இவற்றை உள்ளாட்சிகளிடம் ஒப்படைப்பதா இல்லையா என்பது மாநில அரசின் கையில்.

டெல்லியில் இது இன்னும் சிக்கல். உங்க தெரு பார்க் மாநகராட்சியுடையதாக இருக்கலாம், மத்திய அரசின் கீழ் வரும் டிடிஏ-வுடையதாகவும் இருக்கலாம். சாலையோரச் செடிகள் என்றால் சாலையின் அகலத்தைப் பார்க்கணும். 60 அடியும் அதற்கு மேலும் உள்ள சாலைகள் 2012-ல் மாநகராட்சியிடமிருந்து பொதுப்பணித் துறைக்குப் போய்விட்டன.

பணம் எங்கிருந்து வருது?

டெல்லியில் சுமார் 18,000 பூங்காக்கள் இருக்கு. எல்லாவற்றுக்கும் ஆள் போட முடியாது என்பதால் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. டெல்லி அரசின் சுற்றுச்சூழல் துறையின் கீழ் இயங்கும் டெல்லி பூங்காக்கள் மற்றும் தோட்டங்கள் சங்கம், பார்க்கைப் பராமரிக்க முன்வரும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நிதி உதவி தருகிறது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 2.55 லட்சம் ரூபாய் வரை. இதில் 90 சதவீதம் அரசுடையது, 10 சதவீதம் சங்கத்துடைய பங்கு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

2.55 லட்சத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 21,250 ரூபாய். டெல்லியில் திறன்சாராத் தொழிலாளிக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 18,456 ரூபாய். ஒரு ஏக்கருக்குச் சட்டப்படி சம்பளம் கொடுத்து ஒரே ஒரு மாலியை வைத்தால், மிச்சம் 2,794 ரூபாய். உரம், மண், நாற்று, புல்வெட்டும் மெஷினுக்கு எரிபொருள், குழாய் ரிப்பேர் எல்லாம் அதுக்குள்ளேதான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டினால் அதுவும் கரையும்.

ஆனால் குடியிருப்புக்குள் இருக்கும் பார்க் பெரும்பாலும் ஒரு ஏக்கர் இருக்காது. கால் ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,312 ரூபாய்தான். முழுநேர மாலிக்கு வாய்ப்பே இல்லை. அப்போ என்ன நடக்கும்? ஒரே மாலி நாலு பார்க் பார்ப்பார், அல்லது குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே யாராவது வேலை செய்வார்கள், அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். உங்க வாட்ஸ்அப் மெசேஜ் பிறக்கும் இடம் இதுதான்.

யாருக்குக் கிடைக்குது?

இது விண்ணப்பித்தால் கிடைக்கும் உதவி. அதனால் பதிவு செய்த சங்கம் வேணும், 10 சதவீதப் பங்கைப் போட வசதி வேணும், கணக்கு எழுத, ஆபீசுக்கு அலைய நேரமுள்ள ஆள் வேணும். ஓய்வுபெற்ற அதிகாரிகள் குடியிருக்கும் காலனிக்கு இதெல்லாம் சுலபம். நெருக்கமாக வீடுகள் உள்ள அங்கீகாரமில்லாத காலனிகளில் பல இடங்களில் பார்க்குக்கு நிலமே இல்லை. ஏக்கர் கணக்கில் தரும் பணம், ஏக்கர் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேராது. நிழல் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

மத்திய அரசின் நகர் வன் திட்டமும் இந்த இடைவெளியை அடைக்காது. அது 10 முதல் 50 ஹெக்டேர் வரையான நகர்க் காடுகளுக்கும், 1 முதல் 10 ஹெக்டேர் வரையான நகர் வாடிகாக்களுக்கும்தான். 1 ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். தெருமுனைப் பூங்கா அந்த அளவுக்கு வராது.

தமிழ்நாட்டிலும் பிரச்சினையின் வடிவம் இதேதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டுமானம் செய்யும்போது 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகக் கொடுத்தாக வேண்டும். அந்த விதியால் நிலம் கிடைக்கிறது. அதில் செடி வைத்து, வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றும் செலவு வேறு கணக்கு.

சாலையோரம் என்ன ஆச்சு?

இங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் 131 நகரங்கள் இருக்கு. அந்த நிதியில் 64 சதவீதம் சாலைப் புழுதியைக் குறைக்கவே போனதாக அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சிஎஸ்இ) 2024-ல் சொன்னது. புழுதியைக் குறைக்க இரண்டு வழி: வெறும் மண்ணில் புல்லும் செடியும் வைக்கலாம், அல்லது டைல்ஸ் பதித்து மூடிவிடலாம். செடிக்குத் தினமும் தண்ணீரும் ஆளும் வேணும். டைல்ஸுக்கு ஒரு டெண்டர் போதும். பராமரிப்புக்குப் பணம் இல்லாத ஆபீஸ் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இப்படி மூடும்போது மரத்தின் அடிவரைக்கும் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றணும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது.

நீங்க என்ன செய்யலாம்?

முதலில் பார்க்கோ நடைபாதையோ எந்தத் துறையுடையது என்று உறுதிப்படுத்திக்கோங்க. தவறான ஆபீசுக்குப் போகும் புகார் அங்கேயே தூங்கும். தெரியவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ போடலாம். 30 நாளில் பதில் தரணும். அதே மனுவில், உங்க பார்க்குக்கு எந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது என்றும் கேளுங்க.

வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். ஆர்டிஐ-க்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை. பதில் வந்ததும் குரூப்பில் போடுங்க. அடுத்த மாதம் வசூல் மெசேஜ் வரும்போது, அரசு கொடுத்தது எவ்வளவு, மாலி கையில் போனது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே பேசலாம்.