கியர்ப் பிடி எங்கே இருக்கவேண்டும்?

ஹட்டனிலிருந்து புறப்படும் மோட்டார் கார் ஒன்று, வட்டவளையையும் கினிகத்தேனையையும் கடந்து, பொல்பிட்டியவை ஒரு புறத்தே விட்டுக் கித்துல்கலையை அடைவதற்குள் 1000 மீற்றருக்கு மேலான உயரத்தை இழந்துவிடுகின்றது. அது 1500 கிலோ எடையுள்ள காராயின், அவ்வாறு இறங்குகையில் கைவிடும் வலு ஏறக்குறைய 4 யூனிற் மின்சாரத்துக்கு ஒப்பாகும். மலைமேலிருந்து குழாய்வழி விழும் நீரின் வலுவைப் பொல்பிட்டிய மின்னிலையம் 1969ஆம் ஆண்டு முதல் மின்சாரமாக்கி வருகின்றது. விழும் நீருக்கு அங்கே ஒரு போக்கிடம் உண்டு. இறங்கும் காரின் வலுவுக்குப் போக்கிடம் யாது? ஒன்று, அது பிரேக்கிலே வெப்பமாகவேண்டும். அன்றேல் தாழ்ந்த கியரிலே பூட்டப்பட்ட எஞ்சின் அதனைத் தாங்கிக்கொள்ளவேண்டும். இரண்டில் எது நடைபெறவேண்டுமென்று தீர்மானிப்பது சாரதியின் கை.

அந்தக் கை பற்றுகின்ற பிடியைக் காரின் எவ்விடத்தே வைப்பது என்ற கேள்வி, விலையுயர்ந்த கார்களைப் பற்றிப் பேசும் செல்வர்களின் பொழுதுபோக்கு வாதமென்றே பலர் எண்ணுகின்றனர். மலைநாட்டாராகிய நமக்கு அஃது அவ்வளவு இலேசான விஷயமன்று.

பழைய நாளில் இவ்வாதத்துக்கு அதிக இடமிருக்கவில்லை. கொழுந்து லொறியிலும் துரைமாரின் மொறிஸ் மைனர் காரிலும் கியர் லீவர் தரையிலிருந்து எழுந்து நிற்கும். பல்லோடு பல் பொருந்துவதை உள்ளங்கை உணரும். பொருந்தாவிட்டால் அதனைத் தெருவிலே போவோரும் கேட்பர்! ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பதுதான் மலைப்பாதையிலே பழகிய சாரதிகளின் பழைய விதி. நுவரெலியாவிலே 1930களில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைக் காணச் சென்றோர், எஞ்சினின் ஓசையைக் கொண்டே எவர் எந்த வளைவிலே கியரை மாற்றினார் என்று சொல்லிவிடக் கூடியவர்களாயிருந்தனர்.

இந்தக் கை வேலையைப் போக்குவதே சொகுசு என்ற எண்ணம் அமெரிக்காவிலே பிறந்தது. 1940ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபீல் காருக்கென ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 'ஹைட்ராமாட்டிக்' என்ற தானியங்கிக் கியர்ப்பெட்டியை வெளியிட்டனர். ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தாரும் தம் கௌரவத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அதே அமெரிக்கக் கியர்ப்பெட்டியை அனுமதி பெற்றுத் தாமே செய்து, 1955இல் வெளிவந்த 'சில்வர் கிளவுட்' காரிலே பொருத்தினர். அதன் பிடி தரையிலே இல்லை. ஸ்டியரிங் தண்டிலே மெல்லிய குச்சியாக நின்றது. எசமானின் கால் வைக்கும் இடத்திலே இரும்புத்தடி துருத்திக்கொண்டு நிற்கலாகாதன்றோ? இன்றுவரை ரோல்ஸ் ரோய்ஸ் காரின் பிடி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்துவருகின்றது.

பிடியே வேண்டாமென்று துணிந்தவர்களும் உளர். கிறைஸ்லர் கம்பெனியார் 1956 முதல் 1964 வரையிலான மாதிரிகளிலே பொத்தான்களை அமைத்தனர். 1958ஆம் ஆண்டு எட்செல் காரிலே அப்பொத்தான்கள் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலேயே, அதாவது ஹோர்ன் இருக்கவேண்டிய இடத்திலே, வைக்கப்பட்டன. அவசரத்திலே ஹோர்ன் அடிக்க முனைபவரின் கை எங்கே போகும் என்பதை அதைச் செய்தவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அவ்வமைப்பு ஓராண்டோடு முடிவுற்றது.

இடம் மட்டுமா? வரிசையும் ஒரு பிரச்சினையாயிற்று. அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றிலே தாழ்ந்த கியரான 'எல்' நிலைக்கு அடுத்தாற்போலப் பின்னோக்கிச் செல்லும் 'ஆர்' இருந்தது. ஓர் அங்குலம் கை தவறினால் முன்னே செல்லவேண்டிய கார் பின்னே பாயும். ரால்ப் நேடர் 1965இல் எழுதி அமெரிக்காவைக் கலக்கிய நூலிலே இக்குறையும் எடுத்துக்காட்டப்பட்டது. முன்செல்லும் கியருக்கும் பின்செல்லும் கியருக்கும் இடையே நியூட்ரல் இருந்தே தீரவேண்டுமென்று அந்நாட்டிலே 1968 முதல் சட்டமும் வந்தது. இன்று நாம் எக்காரிலே ஏறினும் ஒரே வரிசையைக் காண்பது இவ்வாறு கிடைத்த பயனேயாகும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இப்போதைய உயர்தரக் கார்களிலே பிடிக்கும் கியர்ப்பெட்டிக்குமிடையே தண்டும் இல்லை, கம்பியிழுப்பும் இல்லை. மின்சமிக்ஞை மட்டுமே செல்கின்றது. பிடி என்பது வீட்டுச் சுவரிலுள்ள சுவிச்சைப் போன்றதாகிவிட்டபடியால் அதனை எங்கும் வைக்கலாம். பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 2001இல் தம் பெரிய காரிலே அதனை ஸ்டியரிங் தண்டுக்கு உயர்த்தினர். 2008இல் மறுபடியும் இருக்கைகளுக்கு நடுவே இறக்கினர். மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியார் 2005இல் தண்டிலே ஏற்றி, அங்கேயே நிலைபெறச் செய்தனர். ஜகுவார் காரிலோ ஒரு வட்டக்குமிழ், எஞ்சினைக் கிளப்பியவுடன் காளான்போல மேலெழுந்து வந்தது.

நடுவிலே கைக்கு ஒரு பிடி இல்லாவிட்டால் காரை ஓட்டும் உணர்வே இல்லை என்று குறைப்படுவோர் பலர். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நடுவிலே நிற்கும் அப்பிடி இன்று எந்தப் பல்லையும் அசைப்பதில்லை. தோல் போர்த்து வெள்ளி விளிம்பு கட்டிய அலங்காரப் பொருளாய் நின்று, பழைய உறவை நினைவூட்டுகிறதேயன்றி வேறில்லை. சாரதிக்கும் யந்திரத்துக்குமுள்ள தொடர்பு பிடியின் உயரத்திலோ இடத்திலோ இல்லை. தான் விரும்பிய கியரைத் தானே பிடித்து நிறுத்திவைக்க முடியுமா, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் கையாலேயே நிலையை அறிய முடியுமா என்ற இரண்டிலேதான் இருக்கிறதென்பது எமது அபிப்பிராயம்.

இரண்டாவதை அற்பமென எண்ணற்க. பழைய பிடி எந்த நிலையிலே விடப்பட்டதோ அந்த நிலையிலேயே நிற்கும். புதிய பிடிகளிற் சில, தள்ளிவிட்டவுடன் மீண்டும் நடுவுக்கே திரும்பிவிடுகின்றன. நிறுத்த நிலையிலே இட்டோமா இல்லையா என்பதை விளக்கைப் பார்த்துத்தான் அறியவேண்டும். இத்தகைய பிடியுள்ள ஏறக்குறைய 11 இலட்சம் கார்களைப் பியட் கிறைஸ்லர் கம்பெனியார் 2016 ஏப்ரலில் திருத்தத்துக்கெனத் திரும்ப அழைத்தனர். அவ்வழைப்புக்குள் அடங்கிய ஜீப் ஒன்று அதே ஆண்டு ஜூன் 19ஆந் திகதி, லொஸ் ஏஞ்சலிசிலே ஒரு வீட்டின் சரிவான வாயிற்பாதையில் தானே உருண்டுவந்து, அதன் சொந்தக்காரரான நடிகர் அன்டன் யெல்சினை மதிலோடு நெரித்துக் கொன்றது. அவருக்கு வயது 27.

நம் நாட்டிலே இதற்கு வேறொரு முகமும் உண்டு. நாம் ஓட்டிப் பழகிய கார்களில் மிகப்பல ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றிலே சிக்னல் குச்சி வலப்புறத்திலும் வைப்பர்க் குச்சி இடப்புறத்திலும் இருக்கும். மெர்சிடிஸ் காரிலே வலப்புறக் குச்சிதான் கியர்! டொயோட்டாவிலே பழகிய ஒருவர் அக்காரிலே ஏறி, வளைவு கண்டதும் வழக்கம்போல வலக்கை விரலால் குச்சியைத் தட்டினால், சிக்னல் எரியாது. மேலே தட்டினாராயின் கியர் நியூட்ரலுக்குப் போய்விடும். ஓடும் வேகத்திலே பின்கியரை ஏற்க யந்திரம் மறுத்துவிடுமாயினும் நியூட்ரலை மறுப்பதில்லை. காலி முகத்திடலிலே இது நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கினிகத்தேனை இறக்கத்திலே நேர்ந்தால், அக்கணமே எஞ்சினின் பிடிப்பு முழுவதும் அற்றுப்போய், பிரேக் ஒன்றே கதி என்றாகிவிடும்.

பிரேக் ஒன்றே போதாதா என்று மாணவர்கள் கேட்கலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண வகைப் புதிய எண்ணெய் 205 பாகை சென்ரிகிறேட் வரையிலே கொதியாது என்பது தரவிதி. ஈரம் ஊறியபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. மழையும் மூடுபனியும் ஓயாத நம் பகுதியிலே எண்ணெய்க்கு ஈரத்துக்குக் குறைவில்லை. இடைவிடாது பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும், ஆகவே மிதி தரைவரை போகும், கார் நில்லாது. சரிவுகளின் கொடுமையை மலையகத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா ரதல்லைச் சரிவிலே பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 உயிர்கள் போனதை எவர் மறப்பர்?

தானியங்கிக் காரிலே 'டி' என்ற நிலையிலேயே பிடியை விட்டுவிட்டு இறங்குவோர்தாம் இன்று பெரும்பாலோர். அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், எரிபொருளை மிச்சம்பிடிக்கும் நோக்கத்தோடு அது உயர்ந்த கியருக்குத் தாவப் பார்க்கும். சரிவை உணர்ந்து தானே கியரைத் தாழ்த்தும் புதிய பெட்டிகளும் உள. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னே இரு சிறு தகடுகள் இருந்தால், இடத்தகட்டை இழுத்துக் கியரைத் தாழ்த்தலாம். எமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுவே: புறப்படும்போதும் நிற்கும்போதும் மட்டும் தேவைப்படும் பிடி எங்கே கிடந்தாலென்ன? வளைவுக்கு வளைவு தேவைப்படுவதல்லவா விரல் நுனியில் இருக்கவேண்டும்!

நம் ஊர்களிலே மலிந்துவிட்ட டொயோட்டா பிரியஸ் காரின் சிறு பிடியிலே ஆங்கில இரண்டாம் எழுத்தாகிய 'பி' என்றொரு நிலை உண்டு. நிறுத்துவதற்கான பொத்தானிலே உள்ளதும், தமிழில் எழுதினால், அதே 'பி' தான், குழப்பத்துக்குக் கேட்பானேன்! பிடியிலுள்ள 'பி', எஞ்சினைக் கொண்டு காரைப் பிடித்துவைப்பதற்கானது. பற்றரிதான் இறக்கத்தின் வலுவை வாங்கிக்கொள்கிறதே என்று அதனைத் தொடாமலே இருப்போர் உளர். பற்றரியின் முழுக் கொள்ளளவு 1.3 யூனிற் அளவுதான்; அதிலும் ஒரு பகுதியே பயன்படுத்தப்படுகின்றது. நாம் முதலிலே கண்ட கணக்கோ 4 யூனிற். காற்றுத் தடைக்கும் உருளும் சக்கரத்துக்கும் ஒரு பங்கைக் கழித்தாலும், பாதி மலை இறங்குமுன் பற்றரி நிறைந்துவிடக்கூடும்.

ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தார் இதற்கெல்லாம் ஒருபடி மேலே சென்று, 2013இல் வெளிவந்த 'ரெய்த்' காரிலே, வானிலுள்ள செயற்கைக் கோள்களின் உதவியால் முன்னேயிருக்கும் வளைவை வரைபடத்திலே கண்டு, கியரை முன்கூட்டியே தெரிந்தெடுக்கும் கருவியை அமைத்தனர். விசித்திரந்தான்! வரைபடத்திலே வளைவு இருக்கும். வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்கும் கொழுந்து லொறி இராது. ஆகவேதான் போலும், அக்காரின் ஸ்டியரிங் தண்டிலுள்ள குச்சியிலும், தாழ்ந்த கியருக்கென்றே ஒரு சிறு பொத்தானை வைத்திருக்கிறார்கள்.