அமைதிக்கு யார் பொறுப்பு?

பல்கலைக்கழக வளாகங்களில் அண்மைக்காலமாக ஓர் அறிவுரை ஓயாமல் ஒலிக்கிறது. ஆற்றலைக் காத்துக்கொள்ள வேண்டும், உள்ளத்தின் அமைதியை எவருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். எதிர்மறையாகப் பேசுவோரிடமிருந்து விலகியிருத்தல், வேண்டாதவற்றுக்கு மறுப்புச் சொல்லப் பழகுதல், அலைபேசியை அணைத்து வைத்தல், மூச்சைக் கவனித்தல் என அது விரிகிறது. ஆய்வு மாணவர்க்கான பயிலரங்குகளில் இதற்கென்றே ஓர் அமர்வு ஒதுக்கப்படுவதும் உண்டு. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது, யாரை நோக்கிச் சொல்லப்படுவதே இல்லை என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஓர் ஆய்வாளரின் வழக்கமான நாளை எடுத்துக்கொள்ளலாம். காலையில் அவர் ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்கிறார். நாக் தரமதிப்பீட்டுக்கான தரவுகளை நண்பகலுக்குள் அனுப்புமாறு துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. அதை முடித்தால் தேர்வறைக் கண்காணிப்பு. மாலையில், நெறியாளர் தாம் பேசவிருக்கும் கருத்தரங்குக்கான படவில்லைகளைச் சீர்செய்து தரச் சொல்கிறார். இரவு 11 மணிக்கு, மறுநாள் காலை அத்தியாயத்தோடு வருமாறு இன்னொரு செய்தி. இவற்றுள் எதுவும் தனித்துப் பார்த்தால் கொடுமையன்று. எல்லாம் சிறு வேலைகளே. ஆனால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர் சுட்டியதைத் தமிழில் 'கவன எச்சம்' எனலாம். அரைகுறையாக விட்டுவந்த வேலையின் எச்சம் அடுத்த வேலையின் தரத்தைக் குறைக்கிறது. மாலையில் நூலகத்துக்குத் திரும்பிய ஆய்வாளர் நூலைத் திறந்தும் ஒரு பக்கம்கூட நகராமல் அமர்ந்திருப்பது சோம்பலால் அன்று.

இந்த அறிவுரையின் அடியில் ஓர் உவமை ஒளிந்திருக்கிறது. மன ஆற்றல் தொட்டி நீர் போன்றது. எடுக்க எடுக்கக் குறையும். ஆகவே அளந்து செலவிட வேண்டும். இந்த எண்ணத்துக்கு அறிவியல் மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் ராய் பாமைஸ்டர். 1998இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில், சாக்லேட் மணம் கமழும் அறையில் முள்ளங்கியை மட்டும் உண்ணப் பணிக்கப்பட்டவர்கள், பின்னர் தரப்பட்ட தீர்வற்ற புதிர்களை மற்றவர்களைவிட விரைவில் கைவிட்டனர். தன்னடக்கம் செலவாகித் தீரக்கூடிய ஒரு வளம் என்ற முடிவு அதிலிருந்து பெறப்பட்டது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் வேறொரு சோதனைமுறையைக் கொண்டு அதே கருதுகோளைச் சோதித்தபோது, அந்த விளைவு ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. களைப்பு பொய் என்று இதற்குப் பொருளன்று. தொட்டி என்னும் உவமையை நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ள இயலாது என்பதே பொருள்.

உவமை பிழைத்தால் அதன்மேல் எழுப்பிய ஒழுக்கமும் பிழைக்கிறது. ஆற்றலைச் சேமிப்பாகக் கருதுகிறவருக்கு ஒவ்வோர் உறவும் வரவுசெலவுக் கணக்காகிவிடுகிறது. தந்தையை இழந்த அறைத்தோழரும், ஆய்வுத் திட்டம் எழுதத் தெரியாமல் வாசலில் தயங்கி நிற்கும் முதலாண்டு மாணவியும் செலவுப் பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றனர். குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வருகிறவர் துறையின் எழுதப்படாத நடைமுறைகளை மூத்தவர்களிடம் கேட்டுத்தான் அறிகிறார். மூத்தவர்கள் எல்லாரும் தத்தம் அமைதிக்குள் கதவடைத்துக்கொண்டால் இழப்பு அவருக்கே.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. ஒருவருடைய அமைதி பல நேரங்களில் இன்னொருவருடைய உழைப்பின்மீது நிற்கிறது. பேராசிரியர் ஒருவர் மின்னஞ்சல் பார்க்காமல் விடுமுறையைக் கழிக்க முடிகிறதென்றால், அவற்றுக்கு விடை எழுத ஓர் ஆய்வாளர் விழித்திருக்கிறார். ஆண் ஆய்வாளரின் அதிகாலைப் படிப்புக்குப் பின்னால் தாயின் அல்லது மனைவியின் அடுக்களை இருக்கிறது. திருமணமான பெண் ஆய்வாளருக்கு அத்தகைய அதிகாலை எளிதில் வாய்ப்பதில்லை. ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்கள் பயணிகளின் முன் தம் சினத்தை அடக்கிப் புன்னகையைக் காப்பதையும் ஓர் உழைப்பாகக் கண்டு, அதை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். நெறியாளரின் மனநிலையை அறிந்து சொல்லை அளந்து பேசும் ஆய்வாளர் செய்வதும் அதுவே. அவருக்கு அதற்கென ஊதியமில்லை. பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்ற கவலை மட்டும் உண்டு.

இனி, பொருளியல் அடிப்படை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அதைப் பெறாத முனைவர் பட்ட ஆய்வாளர்க்கான தொகையோ பல்லாண்டுகளாக 8,000 ரூபாயிலேயே நிற்கிறது. தொகை எதுவாயினும் அது மாதக்கணக்கில் தாமதமாகும்போது விடுதிக் கட்டணமும் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணமும் காத்திருப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் விதிக்கும் ஆறாண்டுக் கால வரம்பு மறுபுறம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கி உணவு விடுதிக் கணக்கைத் தீர்க்கும் ஒருவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது தீர்வாகாது. அவருடைய அமைதிக்கு மிக எளிய வழி, உதவித்தொகையை உரிய நாளில் வழங்குவதே.

உலகின் சில நாடுகள் இதைத் தனிமனிதப் பண்பாக மட்டும் விட்டுவிடவில்லை. பணிநேரத்துக்குப் பிந்தைய தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் இதற்கான தனிநபர் மசோதா மக்களவையில் முன்வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. ஆயினாலும் ஆய்வாளர் ஊழியரா மாணவரா என்பதே தெளிவாக இல்லாத சூழலில் அவருக்கு அது எட்டுமா என்பது ஐயமே. உயர்கல்வி மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய, நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அமைத்தது. மாணவர்களின் உளநலத்தில் கல்வி நிறுவனங்களுக்கும் கடமை உண்டு என்பதை அந்த நடவடிக்கை உணர்த்துகிறது.

நிறுவனங்கள் மாறும்வரை தனிமனிதர் வாளாவிருக்க வேண்டும் என்பது வாதமன்று. நாளின் இரண்டு மணி நேரத்தை வாசிப்புக்கென வேலியிட்டுக் காப்பது இயலக்கூடியதே. அந்த வேலியை ஒருவர் தனியாக இடும்போது அது அடங்காமையாகத் தோன்றும். துறையே கூடி முடிவெடுத்தால் நடைமுறையாகும். இரவு எட்டு மணிக்குமேல் குழுவில் செய்தி இல்லை, தரவு கேட்பதென்றால் மூன்று நாள் அவகாசம், நெறியாளரின் சொந்த வேலைகள் ஆய்வாளரின் கடமையல்ல என்னும் மூன்று விதிகளுக்குச் செலவு ஏதுமில்லை. தாங்க முடியாத எல்லையை எட்டியவர்க்கு 14416 என்னும் டெலி மானஸ் எண் உண்டு. அதை அழைப்பது தோல்வியன்று.

தமிழில் 'பொறை' என்னும் சொல்லுக்குப் பொறுமை என்ற பொருளும் உண்டு, சுமை என்ற பொருளும் உண்டு. பொறுமையாக இருக்கிறவர் எதையோ சுமந்துகொண்டிருக்கிறார். பழைய தமிழகத்தின் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டவர்கள் இதை அறிந்திருந்தனர். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாறிச் செல்லும் உயரத்தில் அவை நின்றன. கழுத்தை வலுப்படுத்திக்கொள்ளுமாறு வழிப்போக்கருக்கு அறிவுரை சொல்வதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உயர்கல்வி வளாகங்களில் இன்று அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. சுமையை இறக்கி வைக்க இடம்தான் இல்லை. தம் அமைதியைக் காத்துக்கொள்ள விரும்பும் எவரும், பேராசிரியராயினும் மாணவராயினும், தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இறக்கி வைத்த சுமை கல்லின்மேல் இருக்கிறதா, இன்னொருவர் தலைமேல் இருக்கிறதா?