உயர்ந்த சம்பளத்துக்கு எத்தனை ஆண்டு?

உயர்ந்த சம்பளம் என்று சொல்லத்தக்க அளவு, இந்தியாவில் பலரும் நினைப்பதைவிடக் கீழேயே தொடங்கிவிடுகிறது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காகத் தயாரிக்கப்பட்டு 2022 மே மாதம் வெளியான சமத்துவமின்மை அறிக்கை, 2019–20 தொழிலாளர் கணக்கெடுப்பை வைத்து ஒரு கோடு கிழித்தது. அப்போது மாதம் 25,000 ரூபாய் வாங்கியவர், சம்பாதிப்போரில் மேல் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டார். அந்தக் கோட்டைத் தொட ஒருவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது, அவர் எந்த வாசல் வழியாக வேலைக்குள் நுழைகிறார் என்பதைப் பொறுத்தது.

புதுச்சேரியின் ரெட்டியார்பாளையத்தில் இதை நேராகப் பார்க்கலாம். விழுப்புரம் சாலையை ஒட்டி, உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கும் இப்பகுதியில் அரசு அலுவலகம் போகிறவரும், கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போகிறவரும், தனியார் மருத்துவமனை நர்சும், மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் போகிறவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய ஊதியக் குழுவின் அளவுகளே பொருந்துகின்றன. ஏழாவது ஊதியக் குழுவின்படி எல்.டி.சி. (கீழ்நிலை எழுத்தர்) ஒருவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். 2019–20இல் அகவிலைப்படி 17 சதவீதம், வீட்டு வாடகைப்படி 16 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 26,467 ரூபாய். அதாவது அந்த எழுத்தர் வேலையில் சேர்ந்த முதல் மாதமே நாட்டின் மேல் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டார். அதன் பிறகு அவர் ஏறும் வேகம் குறைவு. ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட்; பதவி உயர்வே வராவிட்டால் 10, 20, 30 ஆண்டுகள் முடியும்போது அடுத்த ஊதிய நிலை. இந்தக் கணக்கில் பத்து ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 27,600; இருபது ஆண்டில் 38,600. அது இரட்டிப்பாக ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஆகும். ஆனால் விலைவாசி ஏற ஏற ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே இருக்கும். 2025 ஜூலையில் அது 58 சதவீதத்தை எட்டியது. அரசு வேலைக்காக இளைஞர்கள் ஐந்தாறு ஆண்டுகள் பயிற்சி மையங்களில் காத்திருப்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உயரமான இடம் அங்கே வாசலிலேயே இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நர்ஸ் வேலையில் அரசு, தனியார் என்ற வேறுபாடு கண்ணை உறுத்துகிறது. ஜிப்மரில் நர்சிங் ஆபீசராகச் சேருபவருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அதே படிப்பை, சில சமயம் அதே கல்லூரியில் முடித்த தோழி தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால், பல இடங்களில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. இருவரும் ஏற்றுவது அதே ஊசிதான், இருவருக்கும் இரவுப் பணி உண்டு, நோயாளியின் உயிர் இருவர் கையிலும் இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு 2016இல் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு நர்சுக்கு இணையாகச் சம்பளம் தர வேண்டும். 100 படுக்கைகளுக்கு மேல் என்றால் 10 சதவீதமும், 50க்கு மேல் என்றால் 25 சதவீதமும் குறைத்துத் தரலாம். அதற்கும் சிறிய மருத்துவமனையானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த புதுச்சேரிக்கு இதைவிடத் தேவையான பரிந்துரை வேறு இருக்க முடியாது.

தொழிற்பேட்டை ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அவர் புதிதாகச் சேர்ந்தவராகிறார். பத்து ஆண்டு அனுபவம் கையில் இருக்கும். சம்பளச் சீட்டில் இருக்காது. குறைந்தபட்ச ஊதியம் திருத்தப்பட்டால் மட்டுமே அவர் சம்பளம் நகரும். அரசுத் துறைகளிலும் தினக்கூலி, வவுச்சர் ஊழியர் என்ற பெயர்களில் இதே நிலை உண்டு. 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து ஆண்டு வேலை செய்தவர்களை ஒரே ஒரு முறை நிரந்தரமாக்கலாம் என்றது. பின்னர் அதே தீர்ப்பு ஊழியர்களை விலக்கி நிறுத்தவே பெரிதும் பயன்பட்டது. அப்படிப் பயன்படுத்துவது தவறு என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

புதுச்சேரிக்கு இது புதிய சிக்கல் அல்ல. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. போன்ற பஞ்சாலைகளில் பதிலித் தொழிலாளியாக நுழைந்தவர் நிரந்தரமாவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமானது. நிரந்தர வேலை, சங்கம், ஒப்பந்தப்படி சம்பள உயர்வு எனப் படிப்படியாக உருவான ஏணி அது. 2020 ஏப்ரலில் ஏ.எஃப்.டி. மூடப்பட்டபோது ஆலையோடு அந்த ஏணியும் போனது. வரிச்சலுகையை நம்பி வந்த சிறு ஆலைகள் வேலை தந்தன, ஏணி தரவில்லை.

இன்னொரு பாதை இந்த ஊருக்கே உரியது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 15 ஆண்டு (2010 சீர்திருத்தத்துக்குப் பின் 17 ஆண்டு) பணி முடித்தாலே ஓய்வூதியத்தோடு திரும்பலாம். முப்பத்தைந்து வயதில் ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ (பிரெஞ்சுச் சிப்பாய்) உள்ளூரில் பொறாமைக்குரியவராக இருந்ததில் வியப்பில்லை. குடியுரிமை என்ற வாசல் மிகச் சிலருக்கே திறந்தது.

ஐ.டி. வேலை விதிவிலக்கு என்று நம்புவோர் உண்டு. பெரிய நிறுவனங்கள் புதிய பொறியாளருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2012க்குப் பிறகு சில்லறை விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அங்கே சம்பளம் உயர்வது பெரும்பாலும் நிறுவனம் மாறும்போதுதான்.

அனுபவத்துக்கேற்பச் சம்பளம் உயராத இந்த நிலையை உலக அளவிலான ஆய்வுகளும் காட்டுகின்றன. டேவிட் லகாகோஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அனுபவம் கூடக் கூடச் சம்பளம் உயரும் வேகம் பணக்கார நாடுகளில் ஏழை நாடுகளைப் போல் இரு மடங்கு. அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த ஃபாத்திஹ் குவெனென் குழுவினர், வாழ்நாள் சம்பள வளர்ச்சியின் பெரும்பகுதி வேலையின் முதல் பத்தாண்டிலேயே நடந்துவிடுகிறது என்று கண்டனர். அந்தப் பத்தாண்டைத்தான் இங்கே ஒருவர் தேர்வுக்குப் படிப்பதில் கழிக்கிறார், இன்னொருவர் நகராத ஒப்பந்தச் சம்பளத்தில் கழிக்கிறார். பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம்.

எனவே புதுச்சேரி அரசு செய்ய வேண்டியவை இரண்டு. நர்ஸ்களுக்கான 2016 பரிந்துரையைச் சட்டபூர்வமாகக் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியின் பணி ஆண்டுகள் தொடர்ந்து கணக்கில் வருமாறு, அரசுத் துறைகளிலிருந்தே தொடங்கி, விதி வகுக்க வேண்டும்.