ஊசியைப் பார்த்தீர்களா?

திருவிழாவுக்குப் போன பையன் வீடு திரும்புகிறான். கையில் புதிதாக ஒரு தேள் பச்சை குத்தியிருக்கிறது. "எவ்வளவு கொடுத்தாய்?" என்று அப்பா கேட்கிறார். "போயும் போயும் தேளா?" என்று அம்மா கேட்கிறார். "எந்த ஊசியால் குத்தினார்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பச்சை குத்துவது நமக்குப் புதிது அல்ல. பாட்டிமார் கைகளில் கோலம் இருந்தது. குறத்தியர் வீடு தேடி வந்து, விளக்குக் கரியைக் குழைத்து, கையாலேயே குத்தினார்கள். இப்போது எந்திரம் வந்துவிட்டது. 1891ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் மின்சாரப் பேனாதான் அவருக்கு வழி காட்டியது.

எந்திரத்தில் இருப்பது ஒற்றை ஊசி அல்ல. பல ஊசிகளைப் பற்றவைத்த கொத்து. நெருக்கமாக, வட்டமாக நிற்கும் கொத்து 'லைனர்'. அது கோடு இழுக்க. சற்று விலகி நிற்பது 'ஷேடர்'. அது நிழல் காட்ட. இரண்டு வரிசையாகத் தட்டையாக இருப்பது 'மேக்னம்'. பெரிய இடத்தில் நிறம் நிரப்ப அதுதான் வேண்டும். வெள்ளையடிக்கும் மட்டையால் நெற்றிக்குப் பொட்டு வைக்க முடியுமா?

பொட்டலத்தின் மேல் '1205 ஆர்.எல்.' என்று போட்டிருக்கும். பயப்பட வேண்டாம். 12 என்பது ஊசியின் பருமன்; 0.35 மில்லிமீட்டர். 05 என்றால் ஐந்து ஊசிகள். ஆர்.எல். என்றால் வட்ட லைனர். சின்ன எழுத்துக்கு மூன்று ஊசிக் கொத்து போதும். தடித்த கொத்தால் குத்தினால் சில வருடங்களில் மை பரவி, பெயரையே வாசிக்க முடியாது. பழைய காதலியின் பெயரானால் நல்லதுதான் என்பார்கள் சிலர்!

கொத்து எதுவானாலும் அது மேல்தோலைத் தாண்டி இறங்குகிறது. அங்கே ரத்தம் இருக்கிறது. ஒருவரைக் குத்திய ஊசி அடுத்தவரைக் குத்தினால், மஞ்சள் காமாலை தரும் ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகள் கூடவே போகும். எச்.ஐ.வி.யும் போகலாம். பி கிருமி, உலர்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்தேன், வெந்நீரில் முக்கினேன் என்பதெல்லாம் போதாது.

எனவே, குத்துகிறவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, புதுப் பொட்டலத்தை என் கண் முன்னால் பிரியுங்கள்." அதில் கெடு தேதி இருக்கும், படியுங்கள். பொட்டலம் கிழிந்திருந்தால் வேண்டாம். மையையும் புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். பழைய மையில் தோய்த்தால் புது ஊசியும் பழைய ஊசிதான். நல்ல தொழிலாளி இதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தேள் ஓடிப் போய்விடாது.

முன்பே பொது ஊசியால் குத்திக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கிருமிகள் பல வருடம் சத்தம் காட்டாமல் உடம்பில் இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. சி கிருமியை மாத்திரையால் குணப்படுத்தலாம். 2018ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தில், இவை இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.